ஜோன் 1-க்கு எந்த கேபிள்? டெர்மினல் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்

காங்கேயம் பக்கம், தேங்காய்ப் புண்ணாக்கில் மிஞ்சிய எண்ணெயை ஹெக்சேன் விட்டுப் பிரித்தெடுக்கும் ஆலையில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணா, எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாக்கில் பழைய கேபிளை எல்லாம் மாற்றப் போகிறோம். ஜோன் 1, ஜோன் 2 இரண்டும் இருக்குதுங்க. கோயமுத்தூர்க் கடையில் 'ஃபிளேம்புரூஃப் கேபிள்' என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். எஃப்ஆர்எல்எஸ் போட்டால் போதும் என்கிறார்கள். இன்னொருவர் எக்ஸ்எல்பிஇதான் போட வேண்டும் என்கிறார். இன்சுலேஷன் ரேட்டிங்கை எதை வைத்து முடிவு பண்ணுவதுங்க?"

(புதிதாகப் படிப்பவர்களுக்கு: வழக்கமான வேலையின்போதே எரியும் ஆவி வரக்கூடிய இடம் ஜோன் 1; எப்போதாவது, கொஞ்ச நேரம் மட்டும் வரக்கூடிய இடம் ஜோன் 2. எக்ஸ்எல்பிஇ என்பது குறுக்கிணைத்த பாலித்தீன் இன்சுலேஷன்; எஃப்ஆர்எல்எஸ் என்பது தீ பரவாத, புகை குறைந்த பிவிசி.) தம்பி, முதலில் அந்த 'ஃபிளேம்புரூஃப் கேபிள்' கதையை முடித்துவிடுவோம். அப்படி ஒரு கேபிள் கிடையாது. ஃபிளேம்புரூஃப் என்பது பெட்டிக்கு உள்ள குணம்: உள்ளே வெடித்தாலும் தீ வெளியே வராமல் தாங்கும் பெட்டி. மோட்டார், விளக்கு, சுவிட்ச், கிளாண்டு (கேபிள் பெட்டிக்குள் நுழையும் இடத்தை இறுக்கி அடைக்கும் பொருத்தி) இவற்றுக்குத்தான் அந்தச் சான்றும், பெசோ (வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பு) ஒப்புதலும். கேபிளுக்கு உள்ளது ஐஎஸ்ஐ முத்திரை: பிவிசி என்றால் ஐஎஸ் 1554, எக்ஸ்எல்பிஇ என்றால் ஐஎஸ் 7098. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. ஆலைக்காரர்கள் அந்தப் பெயரில் கேட்டுக் கேட்டு அதுவே பெயராகிவிட்டது.

அடுத்தது, ஜோன் நம்பரை வைத்து இன்சுலேஷனைத் தேர்ந்தெடுக்க முடியாது. ஜோன் 1 என்றால் 90 டிகிரி, ஜோன் 2 என்றால் 70 டிகிரி என்று எந்த விதியிலும் இல்லை. எந்த வகைக் கருவி வைக்கலாம், கிளாண்டு எப்படி இருக்க வேண்டும், கேபிளின் உடம்பு எப்படிக் கட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதைத்தான் ஜோன் சொல்லும். இன்சுலேஷனைத் தீர்மானிப்பவை வேறு: கேபிள் பெட்டிக்குள் நுழையும் வாயில் எவ்வளவு சூடு, அதன் மேல் என்ன திரவம் அல்லது ஆவி படுகிறது, அதில் என்ன வோல்டேஜ் ஓடுகிறது. இவற்றில் சூட்டைத்தான் பெரும்பாலானவர்கள் கவனிப்பதில்லை. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பல வருடம் முன்பு ஒரு சால்வென்ட் ஆலையில் பராமரிப்பு நிறுத்தத்தின்போது ஒரு வெல்கிளாஸ் விளக்கைத் (பல்பைத் தடித்த கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்த விளக்கு) திறந்தேன். பழைய மெர்குரி வேப்பர் விளக்கு. கிளாண்டு மேலே, பல்பு கீழே. பல்பின் சூடு முழுக்க மேலே ஏறி டெர்மினல் பாக்ஸில் போய் உட்காரும் அமைப்பு. மூடியைக் கழற்றியதும் கருகிய பிளாஸ்டிக் நாற்றம். சிவப்பு கோர் காய்ந்த மிளகாய்த் தோல் மாதிரி கறுத்திருந்தது. லக்கிலிருந்து (கம்பி முனையில் மாட்டும் உலோகப் பட்டை) ஒரு ஜாண் தூரம் வரை அப்படி. அதற்கு அப்பால் அதே கோர் புதுசு போல் பளபளவென்று இருந்தது. விரலால் லேசாக வளைத்தேன். இன்சுலேஷன் வறுத்த அப்பளம் போல் உடைந்து கையில் வந்தது. செம்பு பளிச்சென்று தெரிந்தது. அன்று காலையில்தான் அந்த சர்க்யூட்டுக்கு மெக்கர் (இன்சுலேஷன் தடையை அளக்கும் மீட்டர்) போட்டிருந்தோம், ரீடிங்கில் ஒரு குறையும் இல்லை. காய்ந்து போன பிவிசி அசையாமல் இருக்கும்வரை மெக்கரில் நல்லதாகவே காட்டும். யாராவது மூடியைத் திறந்து கம்பியை நகர்த்தும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும்.

அந்த கேபிள் சாதாரண பிவிசி, 70 டிகிரி. விளக்கு கொடுத்த ஆம்பியர் அற்பம். கரண்டால் சூடாகவில்லை, விளக்கின் சூட்டால் வெந்தது. கேபிள் சைஸ் கணக்கு போடும் எவருக்கும் இது கணக்கில் வராது, ஏனென்றால் கணக்கு முழுவதும் கரண்டைப் பற்றியது.

இதற்கான விதி ஐஇசி (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) 60079-0 தரத்தில் இருக்கிறது. நம் நாட்டில் ஐஎஸ்/ஐஇசி 60079 என்று அதே வரிசைதான். கேபிள் நுழையும் வாயில் 70 டிகிரிக்கு மேலோ, உள்ளே கோர்கள் பிரியும் இடத்தில் 80 டிகிரிக்கு மேலோ சூடு போகும் என்றால், எத்தனை டிகிரி தாங்கும் கேபிள் போட வேண்டும் என்பதைக் கருவியின் வெளியே எழுதி ஒட்ட வேண்டியது தயாரிப்பாளரின் கடமை. ஆகவே ஒவ்வொரு விளக்கு, மோட்டாரின் நேம்பிளேட்டையும் துணியால் துடைத்துப் படியுங்கள். கேபிள் டெம்பரேச்சர் என்று எதுவும் எழுதியிருக்கிறதா, சான்று எண்ணின் கடைசியில் எக்ஸ் என்ற எழுத்து இருக்கிறதா பாருங்கள். எக்ஸ் இருந்தால் சான்றிதழில் தனி நிபந்தனை இருக்கிறது என்று அர்த்தம். சப்ளையரிடம் சான்றிதழை வாங்கிப் படியுங்கள். கேபிள் சூடு பற்றிய நிபந்தனை பல சமயம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

எதுவும் எழுதவில்லை என்றால் 70 டிகிரி கேபிள் போதும் என்றுதானே அர்த்தம் என்று கேட்பீர்கள். காகிதத்தில் சரி. ஆனால் இங்கே நம் ஊர் வெயில் குறுக்கே வருகிறது. நேம்பிளேட்டில் சுற்றுப்புற வெப்பம் தனியாகக் குறிக்கப்படவில்லை என்றால் அந்தக் கருவி மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரைக்கும்தான். கரூர் பரமத்தி, ஈரோடு பக்கம் சித்திரை மாசத்தில் நிழலிலேயே 40-ஐத் தாண்டும். தகரக் கூரைக்கு அடியில், பக்கத்தில் ஸ்டீம் லைன் ஓடும் எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாக்கில் 50 என்பது ஒன்றும் அதிசயம் இல்லை. 40 டிகிரியில் சோதித்தபோது வாயில் 68 டிகிரி காட்டிய விளக்கு, 50 டிகிரி கூரைக்கடியில் 78-ஐத் தொடும். சோதனைச்சாலையில் எழுத வேண்டிய அவசியமே இல்லாத சூடு, உங்கள் ஆலையில் பிவிசியின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. இதனால்தான் கருவி வாங்கும்போதே சுற்றுப்புறம் 50 டிகிரிக்குச் சான்று பெற்றதாகக் கேட்டு வாங்கச் சொல்கிறேன், கேபிளில் 90 டிகிரி எக்ஸ்எல்பிஇ-யையே நான் அடிப்படையாக வைக்கிறேன்.

இப்போது கொங்கு நாட்டு ஆலைகளில் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு தவறைச் சொல்ல வேண்டும். எக்ஸ்எல்பிஇ 90 டிகிரி என்றதும் 'அப்போ கரண்ட் அதிகம் தாங்கும், ஒரு சைஸ் குறைத்துக்கொள்ளலாம்' என்று முதலாளியிடம் காசு மிச்சம் காட்டுவார்கள். சாதாரண இடத்தில் அது நியாயமான கணக்கு. அபாயப் பகுதியில் அதைச் செய்யாதீர்கள். சைஸைக் குறைத்தால் கண்டக்டரே 90 டிகிரிக்கு ஓடும். அந்தச் சூடு செம்பு வழியே நேராக டெர்மினலுக்குப் போகும். டெர்மினல், அதன் கேஸ்கெட், கிளாண்டின் ரப்பர் சீல் எல்லாம் அந்தச் சூட்டுக்குச் சோதிக்கப்பட்டவை என்று யார் சொன்னது? கேபிளை 90-க்கு வாங்குங்கள், 70 டிகிரி பிவிசிக்குப் போடும் ஆம்பியர் கணக்கிலேயே ஓட்டுங்கள். நடுவில் உள்ள அந்த 20 டிகிரி, விளக்கின் சூட்டுக்கும் நம் ஊர் மே மாசத்துக்கும் ஒதுக்கி வைத்தது.

சரி, ஆம்பியர் கணக்கில் வெப்பக் குறைப்பையும் மறக்க வேண்டாம். நம் நாட்டு கேபிள் அட்டவணைகள் காற்றில் 40 டிகிரி என்று வைத்துப் போட்டவை. 50 டிகிரியில் பிவிசி கேபிள் அட்டவணை ஆம்பியரில் 82 சதவீதம்தான் தாங்கும், எக்ஸ்எல்பிஇ 89 சதவீதம். டிரேயில் பத்து கேபிள் ஒட்டி ஒட்டிப் படுத்திருந்தால் இன்னும் இறங்கும்.

நேம்பிளேட்டில் 105 என்றோ 120 என்றோ எழுதியிருந்தால்? உடனே சிலிக்கான் ரப்பர் கேபிள் என்பார்கள். சிலிக்கான் 180 டிகிரி தாங்கும் என்பது உண்மை. ஆனால் உங்கள் ஆலையில் ஹெக்சேன் இருக்கிறது. ஹெக்சேன் பட்டால் சிலிக்கான் ரப்பர் ஊறிய அவல் போல் உப்பிவிடும், கையால் கிழிக்கலாம். எலக்ட்ரான் பீம் முறையில் குறுக்கிணைத்த 125 டிகிரி கேபிள் கிடைக்கிறது, அதில் ஒரு சிறு துண்டு போட்டு, தள்ளி ஒரு ஜங்ஷன் பாக்ஸில் எக்ஸ்எல்பிஇ-யோடு சேர்க்கலாம். என்னைக் கேட்டால் அந்த விளக்கையே மாற்றிவிடுவேன். இன்றைக்கு எல்இடி வெல்கிளாஸ்களில் வாய்ச்சூடு பழைய மெர்குரி விளக்கைவிட வெகுவாகக் குறைவு. கேபிளில் செலவழிக்கும் பணத்தை விளக்கில் போட்டால் கரண்ட் பில்லும் குறையும்.

ஹெக்சேன் என்றதால் அதைப் பற்றியும். அது தானாகப் பற்றும் வெப்பம் சுமார் 225 டிகிரி, அதனால் டி3 வகுப்பு, கருவியின் மேற்பரப்பு 200-ஐத் தாண்டக் கூடாது. 90 டிகிரி கேபிள் அந்தக் கணக்கில் பக்கத்திலேயே வராது, பயம் வேண்டாம். விஸ்கோஸ் இழை செய்யப் பயன்படும் கார்பன் டைசல்பைடு மாதிரி, 90 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே பற்றும் பொருள் இருக்கும் ஆலை என்றால் கதை வேறு, அங்கே முழு லோடில் ஓடும் கேபிளே நெருப்புக் குச்சி ஆகிவிடும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் கவலை வேறு: ஹெக்சேன் பிவிசியை நெகிழ வைத்திருக்கும் எண்ணெய்ச் சத்தை உறிஞ்சி எடுத்துவிடும். பம்ப் சீல் ஒழுகும் இடத்துக்குக் கீழே போகும் கேபிளின் மேலுறை மாட்டுத்தோல் காய்ந்தது போல் விறைத்து வெடிப்பு விட்டிருப்பதைப் பாருங்கள். சாதாரண பிவிசி எதை வாங்கினாலும் அது நடக்கும். ரூட்டை மாற்றி கேபிளை ஒழுக்குக்கு மேலே கொண்டு போவதுதான் வைத்தியம்.

எஃப்ஆர்எல்எஸ் பற்றி. அது சூடு தாங்கும் ரேட்டிங் கிடையாது. தீ வந்த பிறகு கேபிள் வழியாகத் தீ ஓடாமல், புகையும் அமில வாயுவும் குறைவாக வர வேண்டும் என்பதற்காகச் செய்த கலவை. ஆக்சிஜன் இண்டெக்ஸ் குறைந்தது 29 இருக்க வேண்டும் என்பார்கள், அதாவது நாம் சுவாசிக்கும் 21 சதவீத ஆக்சிஜனில் தானாக எரிந்துகொண்டே போகாது. நல்ல விஷயம், அவசியம் போடுங்கள். எக்ஸ்எல்பிஇ பாலித்தீன் வம்சம், அதற்கு எரியும் குணம் உண்டு. அதனால் எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன், எஃப்ஆர்எல்எஸ் பிவிசி மேலுறை என்று இரண்டையும் சேர்த்து வாங்குவதுதான் சரி. 'எஃப்ஆர்எல்எஸ் வயர்' என்று மட்டும் கேட்டால் 70 டிகிரி வீட்டு வயர் கைக்கு வரும்.

இனி யாரும் கேட்காத ஒன்று. உங்கள் கேள்வியிலும் இது இல்லை, ஆனால் ஹெக்சேன் ஆலையில் இன்சுலேஷன் டிகிரியைவிட நான் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். கேபிளின் உள்ளுறை.

மூன்று, நான்கு கோர்களை முறுக்கி, மேலே ஆர்மர் (இரும்புக் கம்பிக் கவசம்) போடுவதற்கு முன்னால் ஓர் உள்ளுறை இருக்கும். ஐஎஸ் 1554, ஐஎஸ் 7098 இரண்டுமே அதை இரண்டு விதமாகச் செய்ய அனுமதிக்கின்றன: பிவிசியை உருக்கி அழுத்தி ஊற்றிய உறை, அல்லது டேப் சுற்றிய உறை. கடையில் கேட்காமல் வாங்கினால் பெரும்பாலும் டேப் சுற்றியதுதான் வரும், விலை குறைவு. அதை வெட்டிப் பாருங்கள். கோர்களுக்கு நடுவே நாக்கு நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும், நூல் திரி ஒன்று சும்மா கிடக்கும். அரை மீட்டர் துண்டை வெட்டி ஒரு முனையை வாளித் தண்ணீரில் வைத்து மறு முனையில் வாயை வைத்து ஊதுங்கள். புல்லாங்குழல் மாதிரி காற்று போய்க் குமிழி வரும். காற்று போகும் வழியில் ஹெக்சேன் ஆவியும் போகும். எக்ஸ்ட்ராக்‌ஷன் பிளாக்கில் கிளாண்டு எவ்வளவு நன்றாக இறுக்கினாலும், கேபிளின் வயிற்று வழியாக ஆவி நடந்து எம்சிசி ரூமுக்கு (மோட்டார்களின் ஸ்டார்ட்டர் பேனல்கள் இருக்கும் அறை) வரலாம். அங்கே கான்டாக்டர்கள் நாள் முழுக்கப் பொறி விட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த ரூமை நாம் பாதுகாப்பான பகுதி என்று வரைபடத்தில் குறித்திருப்போம்.

இதனால்தான் ஐஇசி 60079-14 தெளிவாகச் சொல்கிறது: கேபிள் வட்டமாகவும் இறுக்கமாகவும் இருக்க வேண்டும், உள்ளுறை ஊற்றியதாக இருக்க வேண்டும், நிரப்புப் பொருள் ஈரம் உறிஞ்சக் கூடாது. பர்ச்சேஸ் ஆர்டரில் 'எக்ஸ்ட்ரூடட் இன்னர் ஷீத்' என்ற வார்த்தை கட்டாயம் இருக்க வேண்டும். ஃபிளேம்புரூஃப் பெட்டிக்குள் நேராக நுழையும் கேபிள் 3 மீட்டருக்குக் குறைவு என்றாலோ, உள்ளே இடைவெளி இருக்கிறது என்று சந்தேகம் வந்தாலோ, ரெசின் ஊற்றும் பேரியர் கிளாண்டு போடுங்கள். வாளிச் சோதனை கண்ணுக்குக் காட்டத்தான், தரத்தில் அரை மீட்டர் துண்டுக்கென்று அளந்து செய்யும் அழுத்தச் சோதனை தனியாக இருக்கிறது. ஆனாலும் வாளியில் தோற்றதை நான் ஒருபோதும் மாட்டவிட மாட்டேன்.

இதோடு சேர்ந்தது டிரெஞ்ச். ஹெக்சேன் ஆவி காற்றைப்போல் மூன்று மடங்கு கனம். மழைத்தண்ணீர் போல் பள்ளம் தேடிப் போய்த் தேங்கும். கேபிள் டிரெஞ்சை மணலால் நிரப்புங்கள், சுவரைத் தாண்டும் இடத்தை அடைத்துவிடுங்கள்.

வோல்டேஜ் விஷயம் எளிது. 415 வோல்ட் லைனுக்கு 650/1100 வோல்ட் கிரேடு போதும். மேலே போவதில் லாபமில்லை. ஆனால் டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) போட்ட மோட்டார் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். 415 வோல்ட்டை நேர்மின்னாக்கினால் சுமார் 580 வோல்ட் டிசி. நீளமான கேபிளின் மறுமுனையில் பல்ஸ் மோதித் திரும்பும்போது உச்சம் அதன் இரண்டு மடங்கு வரை, 1,150 பக்கம் போகும். அங்கே பேனல் வயரை நீட்டி ஓட்டும் வேலையே கூடாது. எக்ஸ்எல்பிஇ-யின் டைஎலக்ட்ரிக் மாறிலி 2.3 அளவு, பிவிசிக்கு அதைப்போல் இரு மடங்கு இருக்கும், அதனால் பிவிசியில் வீணாகப் போகும் சார்ஜிங் கரண்டும் அதிகம். இங்கும் எக்ஸ்எல்பிஇ-க்கே என் ஓட்டு. அதைவிட முக்கியம், அந்த மோட்டாரின் சான்று டிரைவில் ஓட்டுவதை அனுமதிக்கிறதா என்பது.

லெவல் சென்சார், தெர்மோகப்பிள் போன்றவை இன்ட்ரின்ஸிகலி சேஃப் லூப்பாக (பொறி விட்டாலும் ஆவி பற்றாத அளவு குறைந்த மின்சக்தியில் ஓடும் சர்க்யூட்) இருந்தால் அந்த கேபிளில் டிகிரியைவிட கெப்பாசிட்டன்ஸும் இண்டக்டன்ஸும்தான் பேசும். கோருக்கும் எர்த்துக்கும் நடுவே 500 வோல்ட் ஏசி சோதனை தாங்க வேண்டும். வெளிர் நீல மேலுறை வாங்கி, பவர் கேபிளோடு ஒரே டிரேயில் கலக்காமல் தனியாக ஓட்டுங்கள்.

அலுமினியம் கேட்டிருந்தால், 16 சதுர மில்லிமீட்டருக்குக் கீழே வேண்டாம், தரமும் அதையே சொல்கிறது. உங்கள் விளக்கு, சிறு மோட்டார் எல்லாம் செம்பிலேயே போகட்டும். மிச்சமிருக்கும் கோர்களை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிடும் பழக்கம் நம் ஆட்களுக்கு உண்டு. அதை விடுங்கள், எர்த்தில் சேருங்கள், இல்லையென்றால் முறையான டெர்மினலில் முடியுங்கள்.

பல்லடம், சோமனூர் பக்கம் இருக்கும் நண்பர்கள் இதே கேள்வியைப் பஞ்சுக்குக் கேட்பார்கள் என்று தெரியும். ஸ்பின்னிங் மில்லின் ப்ளோ ரூம் பஞ்சுத் துகள் ஐஐஐஏ பிரிவு (எரியும் இழைத் துகள்), சேலம் நாமக்கல் ஜவ்வரிசி ஆலை மாவு ஐஐஐபி (மின்சாரம் கடத்தாத தூசு). அங்கே ஆவி கேபிளுக்குள் நடக்காது, ஆனால் கேபிளின் மேல் பஞ்சு மெத்தை போட்டுப் படுத்துக்கொள்ளும். மெத்தைக்குள் இருக்கும் கேபிளுக்கு ஆம்பியர் அட்டவணை பொருந்தாது. 5 மில்லிமீட்டர் வரை தூசு படியும் இடத்தில், அந்தத் தூசுப் படலம் புகையத் தொடங்கும் வெப்பத்திலிருந்து 75 டிகிரியைக் கழித்ததுதான் மேற்பரப்பின் எல்லை. தூசு மேகத்துக்கு, பற்றும் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு. உதாரணத்துக்கு மேகம் 390, படலம் 300 என்று சோதனையில் வந்தால், 260, 225 என்று இரண்டு எல்லை கிடைக்கும், சிறியதை எடுங்கள். படலம் தடித்தால் அந்த 225-உம் நிற்காது. டிரேயைச் செங்குத்தாக நிறுத்தி ஓட்டினால் பஞ்சு உட்கார இடமே இருக்காது.

தம்பி, உங்கள் ஆலைக்கு ஆர்டரில் இப்படி எழுதுங்கள்: "ஐஎஸ் 7098 பகுதி 1, 650/1100 வோல்ட், செம்புக் கண்டக்டர், எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன், எக்ஸ்ட்ரூடட் இன்னர் ஷீத், ஈரம் உறிஞ்சாத ஃபில்லர், வட்டக் கம்பி ஆர்மர், எஃப்ஆர்எல்எஸ் எஸ்டி2 மேலுறை." கடைப் பாஷையில் 2எக்ஸ்டபிள்யூஒய். கிளாண்டு டபுள் கம்ப்ரஷன், கேபிளின் ஆர்மருக்கு அடியில் உள்ள விட்டத்தை வெர்னியரில் அளந்து சைஸ் சொல்லுங்கள், அட்டவணையை நம்பாதீர்கள். டிரம் வண்டியில் வந்ததும் முனையில் ஒரு முழம் வெட்டி உரித்துப் பாருங்கள். உள்ளே டேப் தெரிந்தால் டிரம்மை வண்டியிலிருந்து இறக்க விடாதீர்கள்.

அதற்கு முன்னால் விளக்குகளின் நேம்பிளேட்டை எல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். எந்த விளக்கின் வாயில் 70-க்கு மேல் என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.